தாகம் கட்டும் கயிறு

ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டம். திருச்செந்தூரில் புறப்பட்டு, காயல்பட்டினம், முக்காணி வழியாகத் தூத்துக்குடி வந்து சேர இருபத்தைந்து மைல். புதுத் துறைமுகத்துக்கு ஒரு வயது நிறைந்த கொண்டாட்டம். பெயர் கொடுத்தவர்கள் நானூறு பேர். அந்த நானூறு பேரும் சனிக்கிழமை காலை மைதானத்தில் நம்பர் துணி வாங்க வரிசையில் நிற்க வேண்டும். நின்றார்கள், ஆனால் வேறு வரிசையில்.

அந்த வரிசையின் முனையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார் மந்திரமூர்த்தி. சாதாரண ஆளா? கடல்கட்டிப் பரம்பரை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவர் அப்பா கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். அதற்கப்புறம்தான் குளியாட்கள் கடலில் இறங்குவார்கள். யாரையாவது சுறா கடித்துவிட்டால்? கடிபட்டவன் விரதம் தப்பியிருப்பான். சுறா மேலும் குற்றமில்லை, மந்திரத்தின் மேலும் குற்றமில்லை. முத்துக்குளிப்பு நின்று பதினாலு வருஷமாயிற்று. அதற்காகப் பரம்பரை சும்மா இருக்குமா? சுறாவின் வாயைக் கட்டிய குடும்பம் தாகத்தைக் கட்டாதா என்று கிளம்பிவிட்டார்.

ஒன்றேகால் ரூபாய்க்கு ஒரு முழம் கறுப்புக் கயிறு. காலில் கட்டிக்கொண்டால் இருபத்தைந்து மைலுக்கும் தாகமே எடுக்காது. ஒரே நிபந்தனை: வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்தாலும் கட்டு அவிழ்ந்துவிடும். ஆக, எவன் விழுந்தாலும் அவன் திருட்டுத்தனமாகக் குடித்தவன். பிழைப்பு என்றால் இதுவல்லவா பிழைப்பு.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு பானைத் தண்ணீரும் குவளையுமாக நின்ற பாஸ்கல் அந்த வரிசையைப் பார்த்துவிட்டுப் பந்தலுக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க் அவர். வழியெங்கும் தண்ணீர் வைக்கும் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. பத்துத் தண்ணீர்ப் பந்தல், பந்தலுக்கு எட்டுப் பானை, எல்லாம் ஒரு மாதமாக அலைந்து சேர்த்தவை. பானைமேல் வைக்கும் அலுமினியக் குவளையை எவனும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதுதான் அதுவரை அவர் கவலை. இப்போது குடிக்கவே ஆளில்லை. முக்காணி தாண்டினால் உப்பளம். மருந்துக்கும் நிழல் கிடையாது. அங்கே தண்ணீரில்லாமல் ஓடுகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், இல்லாவிட்டால் கல்லறைக்கு.

ஓடப்போகிறவர்களில் ஒருவன் சொந்த மைத்துனன் மரியான். அவன் கணுக்காலிலும் கயிறு.

"ஏலே மாப்ள, அதை அவுருலே."

"அக்காதான் கட்டிவிட்டா, அத்தான். தண்ணி குடிக்கப்பிடாதாம்."

பக்கத்தில் நின்ற இசபெல்லா கணவரை முறைத்தாள். "அவரு விடியமுன்ன இருந்து அங்கன உக்காந்து கட்டுதாரு. ஒரு வாய் தண்ணி குடிச்சாரா? பாத்துட்டுப் பேசுங்க."

அது நிஜம். கூட்டம் மயங்கியதும் அதில்தான். சாமி கயிறு கட்டுவார், காவித் துண்டால் முகத்தைத் துடைப்பார், வாயைத் துடைப்பார். வாய்க்கு மட்டும் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். துண்டு காய்ந்ததும் அவர் மச்சினன் வன்னியபெருமாள் அதைப் பந்தக்காலில் மாட்டிவிட்டு, மந்திரித்த புதுத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்.

பாஸ்கல் பார்த்தார். பந்தக்காலில் தொங்கிய துண்டை நோக்கி எறும்புச் சாரை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கயிறு வாங்காத பக்தர்கள்.

"அண்ணாச்சி, தோள்ல கெடக்க துண்டைக் கொஞ்சம் தாரியளா?" என்று சாமியிடம் கேட்டார்.

"மந்திரிச்ச துண்டு. தொடப்பிடாது."

"வேர்வைதான? பிழிஞ்சு காட்டுங்க."

"வேர்வைதான், நான் காட்டுதேன்" என்று இசபெல்லா துண்டை இழுத்துக்கொண்டாள். புருஷன் வாயை அடைப்பதுதான் அவள் எண்ணம். ஒரு குவளைக்கு மேலே முறுக்கினாள். அரைக் குவளை வடிந்தது. மோந்து பார்த்தாள். வெல்லம், சுக்கு, ஏலம் எல்லாம் போட்ட அருமையான பானகம். அவள் முகம் செத்துப்போயிற்று.

"அது தீர்த்தம்" என்றார் மந்திரமூர்த்தி.

"நல்லதாப் போச்சு" என்றார் பாஸ்கல். "இந்தாங்க, காஞ்ச துண்டு. உங்க காலுலயும் கயிறு கெடக்குல்லா? ரெண்டு மணி வரைக்கும் தண்ணி குடிக்காம இங்கனயே இருங்க. இருந்துட்டியன்னா நானும் ஒரு கயிறு கட்டிக்கிடுதேன்."

மணி பதினொன்று. ஆனி வெயில். நானூறு பேரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குச் சாமியின் நாக்கு உதட்டைத் தடவியது. பன்னிரண்டேகாலுக்கு, ஒதுங்கிவிட்டு வருவதாக எழுந்தார். "நானும் கூட வாரேன்" என்றார் பாஸ்கல். சாமி மறுபடி உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்கு எழுந்தவர் யாரையும் பார்க்காமல் பாஸ்கலின் பானைக்கு நடந்து, மூன்று குவளை குடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"நல்ல தண்ணி" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கூட்டம் சும்மா விடுமா? காணிக்கை முழுக்கத் திரும்பி வந்தது. இசபெல்லா குனிந்தாள். "ஏலே மரியான், காலை நீட்டுலே" என்றவள் கயிற்றைப் பல்லால் கடித்தே அறுத்தாள்.

மறுநாள் மரியான் பத்துப் பந்தலிலும் நின்று குடித்தான். இருபத்தேழாவதாக வந்தான், ஆனாலும் சொந்தக் காலில் வந்தான். பாஸ்கலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரார் அவிழ்த்தெறிந்த கயிறுகளை முந்தின நாளே இசபெல்லா பொறுக்கி, மூன்று மூன்றாக முறுக்கி, குவளைகளைப் பானைக் கழுத்தில் கட்டிவிட்டிருந்தாள். ஒரு குவளைகூடக் களவு போகவில்லை. அந்தக் கயிறு கட்டிக் காத்தது அதை மட்டும்தான்.

அடுத்த வருஷமும் எவனாவது வருவான். வெயிலைக் கட்டுகிறேன், மழையைக் கட்டுகிறேன் என்பான். நீங்கள் காலை நீட்டுவதற்கு முன்னால் அவன் துண்டைப் பிழிந்து பாருங்கள்.