வாற்று சாரின் பிள்ளைகள்

நாஞ்சில் நாட்டிலேயே அதிகமாகத் திட்டு வாங்கிய உயிர்கள் எங்கள் வாற்று சாருடைய ஈஸ்ட்டுகள்தான். எங்கள் பக்கம் வாற்று என்றால் திருட்டுச் சாராயம் காய்ச்சுவது. கல்லூரி ஆய்வகத்தில் குடுவை குடுவையாக நுரைத்து நின்றதைப் பார்த்து எவனோ வைத்த பெயர். கூடவே வேலை பார்த்த எனக்கே அவருடைய அசல் பெயர் மறந்துபோயிற்று.

அவர் காய்ச்சியது சாராயமல்ல, ஸ்டீராய்டு. அவர் தங்கைக்குச் சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி செத்துப்போயிருந்தது. தினமும் ஸ்டீராய்டு மாத்திரை போட்டால்தான் எழுந்து நடப்பாள். நாகர்கோவில் கடைகளிலோ பாதி நாள் “ஸ்டாக் இல்ல சார்”. மனுஷர் அலைந்து வெறுத்துப்போய், ஈஸ்ட்டுக்குள் வேற்று ஜீன்களைப் புகுத்தி, அதையே அந்த மருந்தைச் சுரக்கவைக்கக் கிளம்பிவிட்டார்.

குடுவையிடம் பேசுவார். “மக்கா, சீனியத் தின்னுட்டு சும்மா கெடக்காதலே. கொஞ்சம் மருந்தும் தா.”

ஒருநாள் தந்துவிட்டது. சோதனை இயந்திரம் வரைந்த கோட்டில், அந்த மருந்து தெரியவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு. எனக்கு ரசவடை வாங்கிக் கொடுத்தார்.

“கண்டீரா வே? எம் பிள்ள பேசிட்டு!”

“மாத்திரை எப்போ சார்?”

“இது கொசுவுக்கே காணாது. ஆனா வழி தெரிஞ்சாச்சுல்லா?”

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு லீவு வந்தது. லீவு முடிந்ததும் கல்லூரியைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்குழு வருகை. முன்னேற்பாடாக ஆய்வகத்தில் நுழைந்த எங்கள் மேலாளர் மூக்கைப் பொத்தினார். “கமிட்டி வரச்சில கள்ளு நாத்தமா? எல்லாத்தையும் களைஞ்சிரு!” பணியாட்கள் குடுவைகளைக் கழுவுதொட்டியில் கொட்டிக் களைந்தார்கள். மறுபடி வளர்க்க உறைபெட்டியில் எடுத்துவைத்திருந்த விதைக் குப்பிகளையும் விடவில்லை. மேலே பினாயில் ஊற்றினார்கள்.

திரும்பி வந்த வாற்று சார் கழுவுதொட்டி முன்னால் நின்றார்.

“புளிச்ச மாவுதானே சார்? நீரு நாளைக்கு வேற கலக்கும்” என்றார் மேலாளர்.

குழு முந்திரி தின்றது, சுத்தத்தைப் பாராட்டியது, போயிற்று.

வாற்று சார் சொன்னது ஒன்றுதான். “நெசமாவே சாராயமா இருந்திருந்தா, ஒருத்தனும் ஒரு துளி கீழ ஊத்திருக்க மாட்டான் வே.” அந்த வாரமே வேலையை விட்டார். இப்போது அஞ்சுகிராமத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன்.

நான் எந்த ஊருக்குப் போனாலும் மருந்துக்கடையில் அந்த மாத்திரையைக் கேட்கிறேன். கிடைத்தால் அஞ்சுகிராமத்துக்கு பஸ் ஏறுகிறேன். அவர் தங்கைதான் கதவு திறப்பாள். “வாற்று சாரே, ஒம்ம கூட்டாளி வந்திருக்காரு!” என்று உள்ளே பார்த்து ஒரு கத்துக் கத்துவாள்.

அப்படிக் கத்த அவளுக்குத் தெம்பு இருக்கிறதே, அது போதும் எனக்கு.