பச்சைப் பட்டனும் பின் ரூமும்

இனிமேல் என் வீட்டில் எந்தக் கோரிக்கையும் வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது!

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஒரு பிடி பிடித்த தெம்பில் நான் எடுத்த முடிவு இது. மனைவியிடம் அப்போதே சொல்லவில்லை. தெம்புக்கும் ஓர் அளவு உண்டு.

என் பெயர் கிதர் முகம்மது. திண்டுக்கல் பேகம்பூரில் பெல்ட், பர்ஸ், பை விற்கிற கடை. தோல் வியாபாரி. போர்டு எழுதுகிறவர் இடைவெளியைக் கொஞ்சம் தள்ளி விட்டால் தோல்வி யாபாரி. மனைவி பெயர் கமர்ஜஹான். கமர் என்றால் நிலா. வானத்தில் தேய்வது நிலா. எங்கள் வீட்டில் தேய்வது நான்.

எங்களுக்குள் தகராறு என் கடையின் பின் ரூமைப் பற்றியது. அங்கே ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதில் படுத்து ‘ஸ்டாக் செக்’ பண்ணுவேன். ஸ்டாக் செக் பண்ணும் சத்தம் தன் கடை வரைக்கும் கேட்பதாகப் பக்கத்துப் பூட்டுக் கடை பவுல்ராஜ் சொல்வார். பொறாமை.

கமருக்கு அந்த ரூம் வேண்டுமாம். அவள் கையால் செய்கிற தம்ரோட்டு எங்கள் சொந்தத்தில் பிரபலம். ரவை, முட்டை, சர்க்கரை, நெய் சேர்த்து, மேலும் கீழும் தணல் வைத்துச் சிவக்கச் சிவக்க எடுப்பாள். எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் போன் இவளுக்குத்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒருத்தர் திரும்பினால் இன்னொருத்தர் வெளியே போக வேண்டும். பின் ரூமுக்கோ சந்துப் பக்கம் தனி வாசல் இருக்கிறது.

"ஏங்க, அந்த ரூமைக் குடுங்க. அடுப்புப் போட்டுக்கறேன்."

"ஸ்டாக் இருக்கு கமரு."

"என்ன ஸ்டாக்கு? ஒரு கட்டிலு, ஒரு தலகாணி."

"முக்கியமான ஸ்டாக்கே அதுதான்."

சோறு போடும்போது கேட்பாள். பல் விளக்கும்போது கேட்பாள். சரியாகக் கண் சொருகும் நேரத்தில் போன் போட்டுக் கேட்பாள். நானும் சிரித்துச் சிரித்தே நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகுதான் பவித்ரா கடைக்கு வந்தாள். சின்னாளப்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பொண்ணு. வெப்சைட் பண்ணுவது தொழில். ஊரில் எல்லாக் கடைக்கும் வெப்சைட் வந்துவிட்டது, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

"ஏம்மா, இந்த வெப்சைட் எங்க இருக்கும்?"

"கிளவுட்ல இருக்கும்ணே."

கடைக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். திண்டுக்கல் வானம். வெள்ளை வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"இன்னைக்கு ஒண்ணையும் காணமேம்மா."

"அந்த மேகம் இல்லண்ணே. எங்கயோ ஒரு பெரிய கட்டடத்துல கம்ப்யூட்டரா அடுக்கி வச்சிருப்பாங்க. பேஜ் அதுல இருக்கும். உங்க போனு வெறும் ஜன்னல். அங்க ஒரு எழுத்த மாத்துனா, எட்டிப் பாக்குற அம்புட்டுப் பேரு ஜன்னல்லயும் மாறிரும்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கேயோ மாற்றினால் இங்கே மாறுகிறது! கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவளும் சலிக்காமல் சொன்னாள். கடைசியாக ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று ஒன்றைச் சொன்னாள். அதாவது, வருகிறவன் முகம் சுளிக்காமல் வந்த வேலையை முடித்துக்கொண்டு போக வேண்டுமாம்.

"பட்டன் பெருசா, பளிச்சுன்னு இருந்தா அமுக்குவாங்க. தேட வச்சாப் போயிருவாங்க. தேவையில்லாம ஒரு கேள்வி கூடுனாலே பாதிப் பேரு ஓடிருவாங்கண்ணே."

"என்ன சொன்ன?"

"பாதிப் பேரு ஓடிருவாங்க."

என் தலைக்குள் பல்ப் எரிந்தது. பாதிப் பேரையே ஓட வைக்கிற வித்தை, ஒரே ஒரு கமர்ஜஹானை ஓட வைக்காதா? நிலாவை மறைக்க மேகம் போதாதா?

திட்டத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டுக்கென்று ஒரு பேஜ். கமர் எதைக் கேட்பதாக இருந்தாலும் அதில்தான் கேட்க வேண்டும். பக்கம் பக்கமாகக் கேள்வி. கடைசிப் பக்கத்தில், கொட்டை எழுத்தில், பச்சைப் பசேல் என்று ஒரு பட்டன்: ‘கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன்’. அதற்குக் கீழே எறும்பு சைசில், சாம்பல் கலரில், ‘அனுப்பு’.

பவித்ரா முகம் வாடியது. "அண்ணே, இது ஆளை ஏமாத்துற டிசைனு. இதெல்லாம் செய்யக்கூடாதுன்னு படிக்கறப்பவே சொல்லிக் குடுத்தாங்க."

"செய்யக்கூடாதுன்னு படிச்சத ஒரு தடவ செஞ்சு பாரும்மா. அப்பதான படிப்பு முழுசாகும்?"

படிப்பு என்றதும் அவள் நிமிர்ந்தாள். "சரிண்ணே. ஆனா ஒரு கண்டிஷன். அக்கா அத உபயோகிக்கும்போது நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். எங்க திணறுறாங்கன்னு நான் தெரிஞ்சுக்கணும்."

அறிவு வளர்ந்தால் நல்லதுதானே என்று சம்மதித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய உதவி அது. எனக்கல்ல.

அடுத்த வாரம் பவித்ரா வீட்டுக்கு வந்தாள்; இனிமேல் கோரிக்கை எல்லாம் பேஜில்தான் என்று கமரிடம் அறிவித்தேன். கமர் அவளை உட்கார வைத்து, தட்டு நிறையத் தம்ரோட்டை வைத்துவிட்டுப் போனைக் கையில் வாங்கினாள்.

"அக்கா, நீங்கதான் யூசர்."

"யாசரா? அவன் எங்க சின்னம்மா மகனாச்சே."

"யூசர்க்கா. உபயோகிக்கறவங்க."

"அப்படியா? இந்த வீட்டுல நான் உபயோகம்னு கண்டுபிடிக்கவே ஒருத்தி சின்னாளப்பட்டில இருந்து வர வேண்டியிருக்கு பாருங்க."

முதல் பக்கம் திறந்தது. கோரிக்கை என்ன என்ற இடத்தில் ‘பின் ரூம்’ என்று எழுதினாள். அடுத்த கேள்வி: மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?

"ஆதாரமா? நிக்காஹ் அன்னைக்கு நீங்க மூணாந் தடவையும் பிரியாணி வாங்கித் தின்னத ஊரே பாத்துச்சு. அத எழுதவா?"

"சுருக்கமா எழுது," என்றேன்.

அடுத்த பக்கத்தில் ஒன்பது போட்டோ. ‘கணவர் உழைக்கும் படங்களைத் தொடவும்.’ போட்டோக்களைக் கொடுத்தது நான்தான்.

"ஏங்க, எல்லாத்துலயும் தூங்கிட்டுல்ல இருக்கீங்க?"

"கண்ண மூடி யோசிக்கறேன்."

"வாயத் தொறந்து யோசிக்கறீங்களே?"

பவித்ரா இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கமர் விடவில்லை. பக்கம் பக்கமாகப் பொறுமையாகத் தாண்டினாள். கடைசிப் பக்கம் வந்தது. விரல் நேராகப் போய்ப் பச்சையை அமுக்கியது.

‘உங்கள் கோரிக்கை வாபஸ் பெறப்பட்டது. நன்றி!’ திரையில் பூ மழை கொட்டியது. அந்தப் பூ என் ஐடியா.

கமர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். "நான் அனுப்பணும்னுதானம்மா நெனச்சேன். கை எப்படித் தானா அங்க போச்சு?"

"அது வந்துக்கா..." என்று பவித்ரா ஆரம்பித்தாள். நான் கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். நல்ல தளபதி வெற்றிக்குப் பிறகு களத்தில் நிற்க மாட்டான்.

பிறகு என்ன ஓர் அமைதி! போன் இல்லை, பேச்சு இல்லை. பின் ரூமில் நான் தினமும் நிம்மதியாக ஸ்டாக் செக் பண்ணினேன். பவித்ரா மட்டும் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வந்துபோவதாகக் கேள்விப்பட்டேன். தம்ரோட்டு ருசி இழுக்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் கடையில் உட்கார்ந்து போனைத் திறந்தால் எங்கள் வீட்டு பேஜ் வேறு மாதிரி இருந்தது. நான் எதையும் தொடவில்லை. கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி பெரிய பெரிய எழுத்து. ‘இன்று மதியம் வெஞ்சனம்: கறிச் சுக்கா.’ பக்கத்தில் சுக்காவின் படம், ஆவி பறக்க. கீழே பச்சைப் பட்டன்: ‘சரி’. பக்கத்தில் ‘வேணாம்’ என்றும் ஒன்று இருந்தது; அது எனக்கெதற்கு?

அமுக்கினேன். மதியம் டப்பாவைத் திறந்தால் சுக்கா!

மறுநாள் கத்திரிக்காய். சரி. அதற்கு மறுநாள் முட்டைக் குழம்பு. சரி. மளிகை வாங்கலாமா? சரி. உங்கள் சட்டையை இஸ்திரிக்குப் போடலாமா? சரி. கேள்வி இல்லை, ஆதாரம் இல்லை. ஒரு விரல் போதும். பூட்டுக் கடை பவுல்ராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தீங்களா பவுல்ராஜ், யூசர் எக்ஸ்பீரியன்ஸ்!"

"வீட்டம்மா பண்ணுனதா?"

"வெப்சைட் பொண்ணு பண்ணுனது. இவ கூட உக்காந்து ஐடியா குடுத்திருப்பா."

அவர் எழுத்தை நிதானமாகப் படித்துவிட்டுத் தன் கடைக்குப் போனார்.

எனக்கு உள்ளூரப் பெருமை. கேட்கிறவளைக் கேட்க விடாமல் செய்தேன், அவள் எனக்கு இம்புட்டு வசதி செய்து தருகிறாள். பட்டனைப் பார்த்தாலே விரல் துடிக்கும். எழுத்தைப் படிப்பதைக்கூட விட்டுவிட்டேன். என்ன எழுதியிருந்தாலும் நல்லதாகத்தானே இருக்கும்?

ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிட்டு முடித்துப் பின் ரூமுக்குப் போனேன். கட்டிலைக் காணோம். கொத்தனார் ஒருவர் சந்துச் சுவரில் புகைபோக்கிக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கமர் மூலையில் அளவு காட்டிக்கொண்டிருந்தாள். பவித்ரா ஜன்னல் ஓரம் நின்றாள்.

"என்ன இது?"

"அடுப்பு."

"யாரைக் கேட்டு?"

"உங்களத்தான். சரின்னு சொன்னீங்களே." போனை நீட்டினாள்.

கொட்டை எழுத்தில், நான் படிக்கக்கூடிய எழுத்தில், எந்த மறைப்பும் இல்லாமல் இருந்தது: ‘பின் ரூமை எனக்குத் தருகிறீர்களா? அடுப்புப் போடப் போகிறேன். கட்டிலை எடுத்துவிடுவேன்.’ பக்கத்தில் ரூமின் படம். கட்டிலில் நான். கீழே, என் விரலால் நானே சொன்ன ‘சரி’.

"இது ஏமாத்து!" என்று கத்தினேன்.

பவித்ராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏமாத்து இல்லண்ணே. அக்கா கேட்டப்பவே நான் சொன்னேன், ஒரு வார்த்தய ஒளிக்க மாட்டேன், எழுத்தச் சின்னதாக்க மாட்டேன்னு. முன்னாடி இருந்தத விட எழுத்துப் பெருசு. வேணும்னா இப்பக்கூட ‘வேணாம்’னு சொல்லவும் வழி இருக்கு, பாருங்க."

கமர் புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"ஏங்க, எம்புட்டு நாளா வாயால கேட்டேன். ஒரு தடவகூட நிமிந்து பாக்கல. சிரிச்சே மழுப்புனீங்க. சரி, எழுத்துல கேப்போம்னு கேட்டேன். அதையும் படிக்கல. இதுக்கு மேல நான் எதுல கேக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. கொத்தனார்கூட உளியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நியாயம் எதிர்ப்பக்கம் இருக்கும்போது ஆண்பிள்ளை என்ன செய்வானோ அதைச் செய்தேன். போனைப் பிடுங்கினேன்.

"இப்பவே வேணாம்னு போடறேன்!"

"போடுங்கண்ணே," என்றாள் பவித்ரா. "அந்தப் பாதைய மட்டும் நாங்க மாத்தல. நீங்க ஆசப்பட்டுக் கேட்ட டிசைனாச்சேன்னு அப்படியே விட்டுட்டோம்."

அமுக்கினேன். ‘கணவர் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். ஒன்பது போட்டோ வந்தது. உழைக்கும் படத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால் ஒன்றும் இல்லை. எப்படியோ தாண்டினேன். பக்கம் பக்கமாகப் போனேன். வியர்த்தது. கொத்தனார் பாவப்பட்டுத் தண்ணீர் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் சாம்பல் கலர் எறும்பைத் தேடினேன். கண்ணாடி முன்பக்கக் கடையில் இருந்தது. ‘சரி’ சொல்லிச் சொல்லிப் பழகிய விரல் அதுபாட்டுக்குப் பச்சையில் இறங்கியது.

‘உங்கள் கோரிக்கை வாபஸ் பெறப்பட்டது. நன்றி!’

பூ கொட்டியது. கமர் இப்போதுதான் சிரித்தாள். "பூ நல்லா இருக்குங்க," என்றாள்.

அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது. பொய் சொல்லக்கூடாது, அந்த வாசனை வந்த பிறகு என் கடைக்கே ஒரு களை வந்திருக்கிறது. கமர் விடிந்ததும் வந்துவிடுகிறாள். அவள் பாடுவாள் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. மாவு கிளறும்போது பாடுகிறாள். நான் ஸ்டூலில் சாய்ந்து தூங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கடை வெப்சைட்டும் ஒருவழியாக முடிந்துவிட்டதாகப் பவித்ரா சொன்னாள்; நான் இன்னும் பார்க்கவில்லை.

நேற்று எரியோட்டிலிருந்து ஒரு தம்பதி பைக்கில் வந்து இறங்கினார்கள். கையில் போன். வெப்சைட்டைப் பார்த்து வருகிற ஆட்கள்! என் முதல் வெப்சைட் கஸ்டமர்கள்! சட்டையை நீவிக்கொண்டு எழுந்தேன். இருப்பதிலேயே நல்ல பெல்ட்டை எடுத்து விரித்தேன்.

"வாங்க, வாங்க. அசல் தோலு. தொட்டுப் பாருங்க."

அந்த ஆள் தொடவில்லை. போனைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாய், தம்ரோட்டு எங்க குடுப்பீங்க?"

"இது பெல்ட் கடைங்க."

"அப்படியா?" என்று சந்தேகமாகப் போனை என் பக்கம் திருப்பினார். "இதுல ‘கமர்ஜஹான் தம்ரோட்டு’ன்னு இருக்கு. கீழ ‘பெல்ட்டும் கிடைக்கும், அவரை எழுப்பிக் கேட்கவும்’னு போட்டிருக்கே?"