யமுனையில் மாமனாரின் துப்பாக்கி

போலீஸ் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்காத கேள்விக்கு விலாவாரியாகப் பதில் சொல்லி, பெண் கொடுக்க இருந்தவரையே மாட்டிவிட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்தில், துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கும் செக்‌ஷனில் எனக்கு வேலை. துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் ஆயுதச் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். இன்னொரு கை சோறு போடு என்றால்கூட எந்த விதிப்படி என்று கேட்கிற ஆள். (லோதி ரோடு அறையில் என்னோடு இருந்தவர்கள் எப்படித்தான் காலம் தள்ளினார்களோ!)

கிரேஸைத் தமிழ் ஆராதனையில் பார்த்தேன். தெற்குச் சீமை நாசரேத்துப் பெண், நர்ஸ். அன்றே எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் அப்பா மேஜர் தேவசகாயம் ராணுவத்தில் ஓய்வு பெற்று டெல்லியிலேயே தங்கிவிட்டவர். ஏலத்தில் எடுத்த ஒரு மோட்டார் படகும் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் அவருடைய செல்லங்கள். எனக்காகப் போதகர் போய்ப் பேசினார். "சனிக்கிழமை போட்டுக்கு வரச் சொல்லுங்க. ஆளைப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாராம் மேஜர்.

குளிர்கால மதியம், யமுனைக் கரை. படகில் ஏறும்போதே பரீட்சை தொடங்கிவிட்டது.

"தம்பி, நீரு துப்பாக்கி செக்‌ஷன்ல இருக்கீராமே. நம்ம சொந்த போட்டுதான். இந்தத் துப்பாக்கிய இதுல வச்சிக்கிடலாம்லா?"

"தாராளமா அங்கிள். உங்க லைசென்ஸ் டெல்லிக்கு. டெல்லி தண்ணியில இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் கேக்க முடியாது. எதுக்கு அங்கிள் துப்பாக்கி?"

"முதல வந்தா ஜெபம் பண்ணிக்கிட்டா இருக்க முடியும்?"

துப்பாக்கியைப் பெட்ஷீட்டில் சுற்றி, டிபன் கேரியருக்குப் பக்கத்தில் வைத்தார். கிரேஸ் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். நான் அவளுக்கு லைசென்ஸ் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டாள். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

திடீரென்று இன்ஜின் இருமிவிட்டு நின்றது. ஆறு எங்களை எதிர்க்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் இக்கரை டெல்லி, அக்கரை உத்தரப் பிரதேசம். நடுவில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. ஆனால் என் கண்ணுக்கு மட்டும் அது பளிச்சென்று தெரிந்தது. அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது.

அக்கரையில் இரண்டு போலீஸ்காரர்கள் வெயில் காய்ந்தபடி கடலை தின்றுகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஏட்டு எழுந்து, "அரே பாயி, ரஸ்ஸி ஃபேங்கோ!" என்று கத்தினார். கயிற்றை வீசச் சொல்கிறார், அவ்வளவுதான். மேஜர் வீச, இருவருமாக எங்களை இழுத்துக் கரை சேர்த்தார்கள். ஏட்டு கிரேஸுக்கு ஒரு கை கடலையும் கொடுத்தார். தங்கமான மனுஷர்.

மூளை உள்ளவன் ஒரு நன்றி சொல்லிவிட்டுக் கடலை தின்றிருப்பான். நான் செக்‌ஷன்காரன். விதி மீறல் நடந்தால் மேலிடம் கேட்பதற்கு முன் நாமே தெரிவித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வேதம். ஏட்டின் முன்னால் போய் நின்று, என்னுடைய ஓட்டை இந்தியில், "சார், பந்தூக் தெரியாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டது" என்றேன்.

"பந்தூக்?" வாய்க்குப் போன கடலை பாதியில் நின்றது.

"ஹாஞ்ஜி" என்று துப்பாக்கி சுற்றியிருந்த பெட்ஷீட்டைக் காட்டினேன். லைசென்ஸ் டெல்லிக்கு மட்டும்தான், உங்கள் மாநிலத்துக்குள் கொண்டுவந்தது நிபந்தனை மீறல், முப்பதாவது பிரிவு. அவருக்குப் பிரிவு எண் தெரிந்திருக்கவில்லை. பேனாவை எடுத்து, மெதுவாகச் சொல்லச் சொன்னார். நான் மெதுவாகச் சொன்னேன்.

"தம்பி, போதும்" என்றார் மேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவரை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டுமே! "மனிதர்களைச் சுடுவதற்கு இல்லை சார், முதலைக்கு மட்டும்தான்" என்றேன். முதலையைச் சுடுவது தனிக் குற்றம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன்.

"இன்னொரு வார்த்த பேசினீருன்னா முதலைய விட்டுட்டு உம்மத்தான் சுடுவேன்!" என்று மேஜர் தமிழில் கர்ஜித்தார். என்ன சொல்கிறார் என்று ஏட்டு என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. (அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.)

இருட்டும்வரை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். துப்பாக்கி அங்கேயே தங்கிவிட்டது. அது வீடு திரும்ப ஒன்றரை வருஷம் ஆனது. டெல்லி திரும்பும் பஸ்ஸில் மேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. கிரேஸ் எனக்கு இல்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன்.

அவர்கள் வீட்டில் நடந்ததைப் போதகர்தான் பிறகு சொன்னார். "இந்த ஆளுக்கா பொண்ணு கொடுக்கச் சொல்லுதீங்க?" என்று மேஜர் குதித்திருக்கிறார். கிரேஸ் அமைதியாக, "அப்பா, மத்த மாப்பிள்ளைங்க எதை மறைக்காங்கன்னு கண்டுபிடிக்கதுக்குள்ள எனக்கு ஆயுசு போயிரும். இவரு கேக்காமலே சொல்லிருவாரு" என்றாளாம்.

கல்யாண நாள். கோயில் நிறையக் கூட்டம். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்று போதகர் கேட்டார். முன்வரிசையிலிருந்து மேஜரின் குரல் வந்தது:

"மாப்ள, நீரு வாயத் தொறக்காதேயும்!"

போதகரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கல்யாணம் நடந்தாலும், அந்தக் கேள்வி வந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கள் மகள் கல்யாணத்தில் கிரேஸ் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. போதகர் கேள்வியைத் தொடங்கும்போதே என் வாயைப் பொத்திவிட்டாள்.