பிடில் அமீனாவின் பாதிப் புத்தகம்

பிடிலை வாசித்ததைவிட வாசிக்காமல் இருந்ததால் புகழ்பெற்றவர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். எங்கள் கோர்ட்டில் அமீனாவாக இருந்தார். கோர்ட் உத்தரவோடு போய் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்கிற வேலை. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் பிடில் அமீனா.

அந்த வேலைக்குக் கல்நெஞ்சு வேண்டும். இவரோ ஜப்திக்குப் போன வீட்டில் உலை கொதித்தால், சாதம் வடிக்கும்வரை வாசலில் நிற்பார். பிறகு, "தாமதத்துக்குக் காரணம்: அரிசி வேகவில்லை" என்று அறிக்கை எழுதுவார். குமாஸ்தாவான நான் அப்படி ஐந்து அறிக்கைகளை வழக்குக் கட்டில் சேர்த்திருக்கிறேன்.

நில உச்சவரம்பு, குத்தகை வழக்கு என்று ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்த காலம். வெண்ணாற்றங்கரை மிராசுதார் வீட்டு இளையவர் நொடித்துப்போய், அவர் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் ஒரு பழைய புத்தகம். அமீனா ஏலம் கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே ஏலத்தில் எடுத்த பழைய பேப்பர்காரரின் பின்னாலேயே கடைவரை நடந்து, கேட்டு வாங்கினார்.

ஐரோப்பாவில் யாரோ ஒரு பிடில் வித்துவான் இயற்றி அந்தக் காலத்திலேயே அச்சான இசைப் புத்தகம். பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. பதினாலு பக்கம். ஐந்தைந்து கோடுகள், அவற்றின்மேல் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள். கர்நாடக சங்கீதத்தில் கொஞ்சம் பிடில் பயின்றிருந்த அமீனா, அதைப் படிப்பதற்காக மாதா கோவில் ஆர்மோனியக்காரரிடம் ஒன்றரை வருஷம் ஞாயிறுதோறும் போனார். சம்மணமிட்டு, பிடில் தலையைக் கணுக்காலில் ஊன்றி, அந்த வெள்ளைக்காரச் சரக்கை வாசித்தார்.

வாசித்தார் என்றா சொன்னேன்? நாலு சுரம் வரும். பிறகு வில்லைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டால், இருபத்தேழு தாளக் கட்டம் மௌனம் என்று அச்சிட்டிருக்கிறது என்பார். மதிய இடைவேளைகளில் நானும் கூடவே எண்ணிப் பார்த்தேன். ஒருநாளும் தப்பியதில்லை.

கூலித் தகராறு நடந்த ஒரு கிராமத்தில் அறுவடை ஆட்கள் அவரை மறித்தார்கள். சைக்கிளில் இருந்த பெட்டியில் துப்பாக்கி என்று சந்தேகம். திறந்து காட்டியும் நம்பாமல் வாசிக்கச் சொன்னார்கள். களத்துமேட்டில் உட்கார்ந்து நாலு சுரம் வாசித்தார். வில்லைத் தூக்கினார்.

"என்னங்க, நின்னு போச்சா?" என்றாள் ஒரு அம்மாள்.

பொறுங்கள் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு அமீனா எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஜப்தி பண்ண வந்த மனுசன் பாட்டையே ஜப்தி பண்ணிட்டாருடி," என்றாள் இன்னொருத்தி.

அடுத்த சுரம் வந்தபோது பாதிக் கூட்டம் கஞ்சி குடிக்கப் போயிருந்தது.

விஷயத்தை உடைத்தவர் ஆர்மோனியக்காரர். அது இரண்டு பிடிலுக்கு எழுதியது, அமீனாவிடம் இருப்பது இரண்டாம் பிடிலின் புத்தகம் மட்டும், அந்த மௌனத்திலெல்லாம் முதல் பிடில் ஒலிக்க வேண்டும் என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, தெரிந்துதான் வாசிக்கிறார் என்று நினைத்தாராம்.

"ரிடையராகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை முழுசாக் கேட்டுடணும் சார்," என்றார் அமீனா என்னிடம்.

ஒன்பது வருஷம் முன்பு அந்த மிராசுதார் வீட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நடந்தபோது சாமான் பட்டியல் எழுதியது நான். எதைக் கண்டாலும் எண்ணி இரண்டால் வகுத்துக்கொண்டு போனேன். 'பிடில் புத்தகம் 2. ஆளுக்கு 1.'

அதைச் சொல்லத் தைரியமில்லை. பெரியவர் வீட்டில் தேடிப் பார்க்கலாமே என்று மட்டும் சொன்னேன். அமீனா போய்க் கேட்டார். தம்பி முகத்தில் விழிக்காத பெரியவர், தன் பாகத்தைத் தம்பி பாகத்தோடு சேர விடமாட்டேன் என்று அனுப்பிவிட்டார்.

அமீனா ஓய்வுபெற நாலு மாதம் இருந்தது. பெரியவரும் ஒரு வழக்கில் தோற்று, அவர் வீட்டுக்கே ஜப்தி உத்தரவு வந்தது. பட்டியல் எழுத நானும் போனேன். பீரோவின் மேல்தட்டில் அதே அச்சு, அதே பழுப்பு. 'பழைய புத்தகம் 1' என்று எழுதப்போன என் கையை அமீனா பிடித்தார்.

"எழுதாதீங்க சார். ஏலத்துக்குப் போனா யார் கையில சிக்குமோ. அவர்கிட்டயே இருக்கட்டும்."

பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. துண்டால் தூசி தட்டி, பெரியவர் கையில் கொடுத்துவிட்டு அண்டாக்களை எண்ணப் போனார்.

பதினேழாவது உருப்படியை நான் எழுதும்போது பெரியவர் உள்ளேயிருந்து ஒரு பிடிலோடு வந்தார்.

"இதையும் எழுதிக்குங்க. அதுக்கு முன்னால ஒரு தடவை வாசிச்சுக்கறேன். உங்க புஸ்தகம் சைக்கிள்லதானே இருக்கு?"

நாலு சுரம் வாசித்து அமீனா வில்லைத் தூக்கினார். இந்த முறை மௌனம் வரவில்லை. வருஷக்கணக்கில் தொடாத கை. பெரியவரின் பிடில் தடுக்கித் தடுக்கி அந்த இடத்தைக் கடந்து போயிற்று. கண்ணில் நீர் வழிய அமீனா எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தேழு முடிந்ததும் சரியாக இறங்கினார்.

அந்தப் பிடிலைப் பதினெட்டு என்று எழுதினேனா என்றால், இல்லை. என் ஆயுளில் வேண்டுமென்றே விட்ட எண் அது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் பாகப்பிரிவினைப் பட்டியல் என் வேலைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

"பழைய கட்டுல உங்க கையெழுத்தை அப்பவே பார்த்துட்டேன் சார்," என்றார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. "சொன்னா நீங்க தூங்க மாட்டீங்களே."

அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அந்தப் பாதிப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. எனக்குப் பிடில் தெரியாது, எண்ண மட்டும் தெரியும். மதியம் சாப்பிட்டதும் புத்தகத்தைப் பிரித்து இருபத்தேழு வரை எண்ணுகிறேன். பிறகு, அவர் வில் இறங்குவதற்காக இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறேன்.