பெரியப்பாவின் நாடி

மருத்துவம் தோன்றி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அத்தனை காலமும் மனிதனின் நாடி தன் இஷ்டத்துக்குத் துடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்தால் ஓடியது, பயந்தால் துள்ளியது, வயதானால் படுத்துக்கொண்டது. இந்த ஒழுங்கீனத்தை ஒழித்து, நாடியை நிமிடத்துக்கு எழுபத்திரண்டு என்று நிரந்தரமாக நிலைநிறுத்திய பெருமை எங்கள் செவிலியர் பயிற்சிப் பள்ளியையே சேரும். துணை முதல்வர் என்ற முறையில் இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு விம்முகிறது. அளவோடு விம்மலாம் என்று டாக்டரும் அனுமதித்திருக்கிறார்.

எங்கள் முதலாண்டு மாணவிகள் முதன்முதலில் சந்திக்கும் நோயாளி 'பெரியப்பா'. செய்முறை அறையின் ஒரே கட்டிலில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் படுத்திருக்கும் ரப்பர் பொம்மை. மருந்து கசக்கிறது என்று சொன்னதில்லை, மணியடித்து யாரையும் கூப்பிட்டதில்லை. இப்படி ஒரு நோயாளி கிடைக்க மற்றப் பள்ளிகள் கொடுத்துவைக்கவில்லை. அவர் வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்பது மேலாளரின் கருத்து. உத்தரவாதம் எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒரு சீட்டில் எழுதியிருக்கிறது. சீட்டு உறைக்குள் இருக்கிறது.

முதல் மாதம் கை கழுவுதல். ஏழு படிகள். அறையின் குழாயில் தண்ணீர் வராததால் ஏழையும் காற்றில் செய்து முடித்துக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். இரண்டாம் மாதம் படுக்கை விரித்தல். விரிப்பின் மூலை நாற்பத்தைந்து டிகிரிக்கு மடிய வேண்டும். நான் மூலைமட்டம் வைத்துத்தான் பார்ப்பேன். மூன்றாம் மாதம் நாடி பார்த்தல். நோயாளியின் வலப்பக்கம் நின்று, மணிக்கட்டுக்கு அரை அங்குலம் மேலே மூன்று விரல்களை நீட்டி (உறை கசங்கக் கூடாது), சுவர்க் கடிகாரத்தைப் பயபக்தியோடு பார்த்து, படிவத்தில் '72' என்று எழுத வேண்டும். கடிகாரம் பத்தேகாலில் நின்று பல காலமாயிற்று. ஆகவே ஒரு நிமிடத்தின் நீளத்தை மாணவியின் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டோம்.

இப்படித் தெளிந்த நீரோடையாகப் போய்க்கொண்டிருந்த பள்ளியில் இந்த ஆண்டு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. காற்றில் கை கழுவினால் அழுக்கு எப்படிப் போகும் என்று முதல் வாரமே கேட்டவள். செய்முறைத் தேர்வில் நான் அவளுடைய படிவத்தை வாங்கிப் பார்த்தேன். எழுதியிருந்தாள்: 'நாடி: இல்லை. மூச்சு: இல்லை.'

"என்னம்மா இது?"

"தொட்டுப் பாத்தேன் சார். இல்ல."

"தொட்டியா!"

"தொடாம எப்படி சார் தெரியும்?"

"இத்தனை பேருக்குத் தெரிஞ்சுதே! எல்லாரும் எழுபத்திரண்டுன்னுதானே எழுதியிருக்காங்க? அவங்க என்ன முட்டாளா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சந்தேகம்தான் சார்" என்றாள்.

உடனே விசாரணைக் குழு கூடியது. முதல்வர், மேலாளர், நான். நான் சொல்வதற்கு முன்பே முதல்வர் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நாடியும் இல்லை, மூச்சும் இல்லை என்றால் நோயாளி இறந்துவிட்டார் என்று பொருள். இறப்பை அறிவிக்கும் அதிகாரம் மருத்துவருக்கு மட்டுமே உண்டு. மூன்று மாதம் படித்த மாணவி ஒருத்தி, தக்க அதிகாரமின்றி, ஒரு நோயாளியைச் சாகடித்திருக்கிறாள்.

"மேடம், அது பொம்மை" என்றாள் அவள்.

"நோயாளியைப் பொம்மைன்னு சொல்றா. இதையும் எழுதிக்குங்க" என்றார் முதல்வர். மேலாளர் எழுதிக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். தையல்காரர், கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓடிவந்திருந்தார்.

"எம்பொண்ணு என்ன சார் தப்பு பண்ணா?"

"ஒரு நோயாளிய இறந்துட்டாருன்னு எழுதிட்டாம்மா."

"ஐயையோ! யாரு சார் பாவம்?"

"பொம்மைம்மா."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சின்ன வயசுலேருந்து நர்ஸாகணும், நர்ஸாகணும்னு ஒத்தக்கால்ல நின்ன பொண்ணு சார். வேற ஒண்ணுமே தெரியாது அவளுக்கு" என்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

அவளை நீக்கும் ஆணை தட்டச்சாகி வந்தது. இருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என்னுடையது மட்டும் பாக்கி. மறுநாள் போடுவதாக இருந்தேன். அதுவரை பெரியப்பாவின் உறையைத் தூசி துடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தண்டனை. இறந்தவரிடமே மன்னிப்புக் கேட்பது போல இருக்கும் என்றார் முதல்வர்.

மறுநாள் காலை, செய்முறை அறையில் மூலைமட்டத்தோடு குனிந்தவன் அப்படியே விழுந்துவிட்டேன். கண் இருட்டியது. பிறகு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, காது நன்றாகவே கேட்டது. என் மாணவிகள் பதறவில்லை. பயிற்சி அப்படி.

"சாரைக் கட்டில்ல போடலாமா?"

"கட்டில்ல பெரியப்பா இருக்காரே. அவரை இறக்கணும்னா மேலாளர்கிட்ட எழுதி வாங்கணும்" என்றாள் வகுப்புத் தலைவி.

ஆகவே தரையிலேயே எனக்குப் படுக்கை விரித்தார்கள். நோயாளியை இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் உருட்டி, விரிப்பை அடியில் செலுத்தும் அந்த முறையை நான்தான் கற்றுக்கொடுத்தேன். இவ்வளவு கச்சிதமாக யாரும் என்னை உருட்டியதில்லை. மூலைகளை மடித்தார்கள். என் கையிலிருந்தே மூலைமட்டத்தைப் பிடுங்கி அளந்தார்கள். நாற்பத்தைந்து. ஏழு படிகளில் காற்றில் கை கழுவினார்கள். பிறகு தலைவி என் வலப்பக்கம் நின்று, மணிக்கட்டுக்கு அரை அங்குலம் மேலே விரல்களை நீட்டி, பத்தேகால் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எழுபத்திரண்டு" என்றாள். "சார் நல்லா இருக்காரு."

'இல்லடி, நான் போய்க்கிட்டிருக்கேன்' என்று சொல்ல நினைத்தேன். குரல் வரவில்லை. பேசாத நோயாளியைத்தான் அவர்களுக்குப் பழக்கியிருந்தேன்.

அப்போது தூசி துடைத்த ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். ஈரக் கை. சில்லென்று இருந்தது. மூன்று விரல்கள் என் மணிக்கட்டை அழுத்தின. என் வாழ்நாளில் அவ்வளவு சுகமான அழுத்தத்தை அறிந்ததில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள்.

"முப்பத்திநாலு! டாக்டரைக் கூப்பிடுங்கடி!"

"எழுபத்திரண்டுன்னு எழுதியாச்சே" என்றாள் தலைவி.

"அப்ப எழுதுனதுக்கு வைத்தியம் பாரு. நான் இவருக்குப் பாக்குறேன்" என்று கத்திவிட்டு, அவளே தாழ்வாரத்தைத் தாண்டி, பள்ளியை ஒட்டிய மருத்துவமனைக்கு ஓடினாள்.

நான் பிழைத்தேன். தோள்பட்டை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். பார்க்க வந்த முதல்வர், அதை எழுபத்திரண்டில் வைத்தால் பள்ளி ஆவணத்தோடு ஒத்துப்போகும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். டாக்டர் எழுபதில் வைத்துவிட்டார். அந்த இரண்டு குறைந்த வருத்தம் முதல்வருக்கு இன்னும் ஆறவில்லை.

நான் வேலைக்குத் திரும்பியதும் குழு மறுபடி கூடியது. அவளை மன்னித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆணையில் இன்னொரு குற்றம் சேர்ந்திருந்தது: அனுமதியின்றி நோயாளியைத் தொட்டது.

"மேடம், அவ தொடலேன்னா நான் இன்னிக்கு இல்ல."

"அது உங்க சொந்த விஷயம் சார். ஆவணப்படி உங்களுக்கு எழுபத்திரண்டு. முப்பத்திநாலுன்னு ஒத்துக்கிட்டா பன்னிரண்டு வருஷத்துப் படிவமும் பொய்னு ஆயிடும். நம்ம படிவம் எப்பவாவது தப்பாப் போயிருக்கா? ஆவண அறையில போய்ப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடுங்க."

நியாயமான பேச்சு. போய்ப் பார்த்தேன்.

எங்கள் மாணவிகள் வார்டுகளில் எழுதிய படிவங்கள் அலமாரி அலமாரியாக இருந்தன. முதலில் கைக்கு வந்த கட்டை எடுத்தேன். ஆறாம் எண் படுக்கை, வயது ஐம்பத்தொன்று, வண்டி ஓட்டுபவர். எட்டு நாளும் எழுபத்திரண்டு. அடித்தல் திருத்தல் இல்லை. கடைசிப் பதிவு எட்டாம் நாள் காலை பத்து மணி: 'நாடி 72. உறக்கம் நிம்மதி. நோயாளி நன்கு ஒத்துழைத்தார்.'

அதோடு டாக்டரின் சீட்டு ஒன்றும் குத்தியிருந்தது. அதே நாள். இறந்த நேரம், காலை ஏழு பத்து.

படிவத்தின் அடியில் 'சரிபார்த்தேன்' என்ற முத்திரை. அதன் மேல் என் கையெழுத்து, எப்போதும் போல அழகாக இருந்தது. அடுத்த கட்டைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆணை இன்னும் என் மேசையில் இருக்கிறது. ரப்பர் பொம்மைக்கு நாடி இல்லை என்று எழுதியவளை வெளியேற்ற, செத்த மனிதனுக்கு நாடி இருக்கிறது என்று சான்று கொடுத்தவனின் கையெழுத்து வேண்டுமாம்.