ராகு காலத்துக்குத் தப்பிச்ச பிஎச்டி இன்டர்வியூ

திங்கக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஜெர்மனி ப்ரொபசருக்கு, "வியாழன் இந்திய நேரம் ரெண்டு மணி எனக்கு ஓகே"ன்னு ஒரு வரி மெயில் போடணும்.

எம்.டெக் முடிச்சு ரெண்டு வருஷமா பிஎச்டி இடம் தேடுறேன். பேட்டரி ஆராய்ச்சி பண்றவங்க ஒருத்தர் விடாம மெயில் போட்டாச்சு. பாதிப் பேர் பதிலே போடல. மீதிப் பேர் ஃபண்டு இல்லன்னுட்டாங்க. இவர் மட்டும்தான் ஆன்லைன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாரு. ஒரு இடம், ரெண்டு பேர். இதுவும் போச்சுன்னா அப்பா சொல்ற பேங்க் பரீட்சைதான் கதி.

அம்மாகிட்ட சொன்னேன். அங்கதான் தப்பு.

"வியாழன் ரெண்டு மணியா? ராகு காலம்டா!"

"அம்மா, ஜெர்மனில ராகு காலமெல்லாம் கிடையாது."

"நீ எங்க உக்காந்து பேசப் போற?"

"இங்க புனேல, கோந்த்வா வீட்டுலதான்."

"கோந்த்வால உண்டுல்ல?"

நான் விஞ்ஞானம் படிச்சவன். மூடநம்பிக்கைக்கு எல்லாம் மசிய மாட்டேன். உடனே ப்ரொபசருக்கு எழுதினேன், நேரத்த மாத்த முடியுமான்னு.

பாவம், நல்ல மனுஷன். "மூணேகாலுக்கு இருக்கிறவங்க உங்களோட மாத்திக்கச் சம்மதிச்சிட்டாங்க"ன்னு பதில் போட்டாரு. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கிட்டாங்க.

வியாழன். மூணு மணிக்கு அயர்ன் பண்ண சட்டை, நெத்தில விபூதி, கீழ லுங்கி. ரெடி.

மூணு அஞ்சுக்கு கரண்ட் போச்சு.

புனேல வியாழக்கிழமைன்னா மராமத்துக்கு கரண்ட் எடுப்பாங்க. ஊருக்கே தெரியும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல காலைலயே நேரம் போட்டிருந்தாங்க. குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கு நடுவுல நான் பார்க்கல.

லேப்டாப்பும் போச்சு. பேட்டரி ஆராய்ச்சி பண்ண ஆசைப்படுறவனோட லேப்டாப்புல பேட்டரி செத்து ஒரு வருஷமாச்சு.

ஜெனரேட்டர் ஓடுறது லிஃப்டுக்கு மட்டும்தான். லிஃப்ட் வாசல்ல ஒரு ப்ளக் இருக்கு. ஓடினேன். தரையில உக்காந்து, போன்ல நெட் போட்டு, கனெக்ட் பண்ணிட்டேன்.

"சொல்லுங்க, பேட்டரியோட ஆயுள எப்படிக் கூட்டலாம்?"ன்னாரு ப்ரொபசர்.

வாயத் திறந்தேன்.

"க்ருபயா தர்வாஜா பந்த் கரேன்!"

மேல எவனோ லிஃப்ட் கதவ மூடாமப் போயிட்டான். கதவ மூடுற வரைக்கும், லிஃப்டுல ரெக்கார்ட் பண்ணி வச்ச அந்தம்மா 'தயவுசெஞ்சு கதவ மூடுங்க'ன்னு ஹிந்தில கத்துறத விடாது.

"பக்கத்துல யாரு?"

"லிஃப்ட் சார்."

"க்ருபயா தர்வாஜா..."

இதுக்கு நடுவுல எதிர் வீட்டு ஆன்ட்டி பக்கெட்டோட வந்து நின்னாங்க. "பேட்டா, பானி ஆயா க்யா?" தண்ணி வந்துச்சான்னு கேக்குறாங்க. தண்ணியும் வியாழக்கிழமைதான் வராது. இல்லன்னு தலையாட்டினேன். அதக் கேமரால பார்த்த ப்ரொபசர், "ஓ, பதில் தெரியாதா? பரவால்ல"ன்னாரு.

பதறி எந்திரிச்சேன். கால்ல ஒயர் மாட்டி ப்ளக் பிடுங்கிக்கிச்சு. கடைசியா அவர் பார்த்தது என் லுங்கியத்தான்.

அடுத்த வாரம் மெயில் வந்துச்சு. இடம் இன்னொருத்தருக்காம். நெஜமாவே அழுதேன். அப்புறம் வயித்தெரிச்சல் தாங்காம ப்ரொபசரோட லேப் வெப்சைட்ல யாருன்னு போய்ப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பொண்ணு.

அம்மாகிட்ட சொன்னேன். "நான் வேணாம்னு சொன்ன ரெண்டு மணிக்குப் பேசினவம்மா. நம்மூர்க்காரி."



"அவ அம்மா நம்பர் கிடைச்சா வாங்கு."

"எதுக்கு?"

"அவங்க எந்தப் பஞ்சாங்கம் பாக்குறாங்கன்னு கேக்கணும்."