படுத்துப் பார்த்தவர்கள்

வண்டியைப் பார்க்க வந்தவர்கள் வண்டிக்குள்ளேயே தூங்கிப் போயிருந்தார்கள்.

டிரைவர் டீத் தட்டோடு வண்டியின் கதவருகே நின்றார். உள்ளே படுக்கையில் அந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கூடக் கழற்றாமல் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருவர் மூச்சும் ஒரே சீராக ஏறி இறங்கியது.

"என்னங்க, டீ ஆறுது," என்று சமையலறை ஜன்னலிலிருந்து டிரைவரின் மனைவியின் குரல் வந்தது.

டிரைவர் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு உதட்டில் விரலை வைத்தார்.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க ஒரே ரூட். சந்தையிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து சந்தை. ஸ்டியரிங் கையில் இருந்தும், தான் நினைத்த பக்கம் ஒரு நாள்கூட அதைத் திருப்பியதில்லை. ஓய்வு பெற்றதும் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வளைவு வாங்கக் காயலான் கடைக்குப் போனவர், இந்த வேனோடு திரும்பி வந்தார். உள்ளேயே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் இருந்த அந்தக் காலத்து வண்டி. வரும்போது ஒரு கோழியும் இருந்தது. அது அடுப்புக்குள் முட்டை போட்டு வைத்திருந்தது.

நெளிந்த தகரத்தை ராத்திரி பகலாகத் தட்டி நிமிர்த்தினார். துருவைத் தேய்த்து எடுத்தார். கீழே பாசிப்பச்சை, மேலே பால் வெள்ளை என்று வர்ணம் பூசினார். ஜன்னலுக்குத் திரை, மெத்தைக்குப் புது உறை, மழைத்துளி இறங்காதபடி கூரைக்கு இரண்டு பூச்சு. மனைவி எல்லாவற்றையும் சமையலறையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஜன்னலை மறைத்து நின்றதால் அவளுக்குப் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

"வண்டிக் கூரை ஒழுகாது. வீட்டுக் கூரைதான் ஒழுகுது," என்று ஒரு நாள் அவள் சொன்னாள். கோபப்படாமல் சொன்னாள். அதனால்தான் அவருக்குச் சுருக்கென்றது. வண்டியை விற்று, மழைக்கு முன்னால் வீட்டுக் கூரையை மாற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

அப்படித்தான் விளம்பரம் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தார். சனிக்கிழமை ராத்திரி வெகுநேரம் வரை கடைசித் தட்டுகளைத் தட்டி முடித்தார். சொல்லி வைத்த மாதிரி மதியம் இந்தத் தம்பதி கேட்டருகே வந்து நின்றார்கள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. தூரத்திலிருந்து பயணம் செய்து வந்திருப்பார்கள் என்று டிரைவருக்குப் பாவமாக இருந்தது.

"வண்டி விஷயமாத்தானே?"

"ஆமாங்க. வண்டி விஷயமாத்தான் கொஞ்சம் பேசணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"பேச என்ன இருக்கு, முதல்ல பாருங்க." அவர் அவர்களை உள்ளே ஏற்றிவிட்டார். அலமாரியைத் திறந்து காட்டினார். குழாயைத் திருகித் தண்ணீர் வரவழைத்தார். கண்ணாடிக்காரர் நடுவில் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் டிரைவர் இன்னொரு இழுப்பறையைத் திறந்தார். கடைசியில் இருக்கையை மடக்கிப் படுக்கையாக்கி, "சும்மா படுத்துப் பாருங்க. நான் டீ கொண்டு வர்றேன்," என்று போனார்.

டீ வந்தது. வாங்க வந்தவர்கள்தான் இந்த உலகத்தில் இல்லை.

"எழுப்புங்க," என்றாள் மனைவி. அவள் முதல் முறையாக வண்டிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருந்தாள்.

"மெத்தையைப் பத்தி இதைவிட நல்ல வார்த்தை யார் சொல்லப் போறாங்க? தானா எழுந்திருக்கட்டும். பேரமே பேச மாட்டாங்க."

அந்தச் சமயம் பார்த்து வெயில் நகர்ந்து கண்ணாடிக்காரரின் முகத்தில் விழுந்தது. அவர் முகத்தைச் சுளித்தார். டிரைவர் பதறிப்போய், தட்டை மனைவி கையில் கொடுத்துவிட்டுத் திரையை இழுக்க எட்டினார். திரைக்கம்பி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. இப்போது வெயில் அந்த அம்மாளின் முகத்திலும் விழுந்தது.

"வண்டியைக் கொஞ்சம் மர நிழலுக்குத் தள்ளிட்டா போதும்," என்றார் டிரைவர்.

"இன்ஜின் போட்டா எழுந்துடுவாங்களே."

"யார் இன்ஜின் போடறா? கையாலதான்."

பிரேக்கை விடுவித்துவிட்டு, கீழே இறங்கித் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. மனைவி தட்டைத் திண்டின் மேல் வைத்துவிட்டு வந்து, அவளும் கை கொடுத்தாள். அசைந்தது. மரத்தடிக்கு வந்தது. மரத்தடியோடு நிற்காமல் திறந்திருந்த கேட்டைத் தாண்டியது. கேட்டுக்கு வெளியே தெரு சரிவு.

டிரைவர் ஓடிப்போய்த் தாவி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். காலைப் பிரேக்கின் மேல் வைத்தார். ஆனால் மிதிக்க மனம் வரவில்லை. அவர் பஸ்ஸில் எத்தனையோ பேர் தூங்கியிருக்கிறார்கள். ஒருவர் தலைகூட முன் சீட்டில் இடித்ததில்லை. அந்தப் பெயரை இன்றைக்குக் கெடுத்துக்கொள்வதா? பட்டும் படாமலும் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, வண்டியை அதன் போக்கில் விட்டார்.

வண்டி சத்தமே இல்லாமல் போனது. மேகம் போகிற மாதிரி போனது. இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், காரணமில்லாமல் கையசைத்தாள். டிரைவரும் கையசைத்தார். இரண்டு பக்கமும் மதில்களும் பூந்தொட்டிகளும் மெதுவாகப் பின்னால் நழுவின. பின்னால் இரண்டு பேர் தூங்கும் மூச்சு. இந்தத் தெருவில்தான் இத்தனை வருஷமாக இருக்கிறோமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மனைவி டீத் தட்டை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பின்னாலேயே நடந்து வந்தாள். அதை ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

தெரு முடிகிற இடத்தில் ஏரி. கரையோரப் புல்லில் ஏறி, வண்டி தானாக மூச்சு வாங்கி நின்றது.

அப்போதுதான் போன் அடித்தது. டிரைவர் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தார்.

"சார், நான் பல் டாக்டர் பேசறேன். விளம்பரம் பார்த்தேன். உங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன், வண்டியைக் காணோமே."

"தெருவோட கடைசிக்கு வாங்க," என்றார் டிரைவர் குசுகுசுவென்று.

"ஏன் சார் ரகசியமாப் பேசறீங்க? திருட்டு வண்டியா?"

"வாங்க, சொல்றேன்."

பல் டாக்டர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். வர்ணத்தைத் தடவினார். கதவை வாயைத் திறந்து பார்ப்பதுபோலத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, சட்டென்று தலையை வெளியே எடுத்தார்.

"உள்ளே யாரோ..."

"மெதுவா. அவங்களும் வாங்க வந்தவங்கதான்."

டாக்டரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்ஜினை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

"இப்ப முடியாதுங்க."

"ஏன், ஓடாதா?"

"அருமையா ஓடும். தூங்கறாங்களே."

"அப்ப இங்கே வரைக்கும் எப்படி வந்துச்சு?"

"உருண்டு."

டாக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவரின் மனைவியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த டீத் தட்டைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார். காற்றில் தண்ணீர் மெல்லச் சுருங்கி விரிந்தது. கழன்ற திரை அசைந்தது. அவருக்குள் ஏதோ இளகிவிட்டது.

"பரவாயில்லை. ஓடுதோ ஓடலையோ, எனக்கு வேணும். நீங்க போட்ட விலைக்கே இப்பவே எடுத்துக்கறேன்."

மனைவி டிரைவரின் முழங்கையை இடித்தாள். தட்டில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன.

டிரைவர் தலையை ஆட்டினார். "மன்னிக்கணும். இவங்கதான் முதல்ல வந்தாங்க. பஸ்ல துண்டு போட்டவனுக்கே சீட்டு. இவங்க ஆளையே போட்டிருக்காங்க. எழுந்து வேண்டாம்னு சொன்னா உங்களுக்குத்தான்."

"நான் அவ்வளவு நேரம் நிக்க முடியாது. அடுத்த ஊர்ல இன்னொரு வண்டி பார்த்து வெச்சிருக்கேன். இன்னிக்கே ஒண்ணை முடிச்சாகணும்."

"அதையே பாருங்க," என்றார் டிரைவர். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. மனைவி அதைக் கவனித்தாள்.

டாக்டர் நுனிக்காலில் நடந்து போய்விட்டார்.

மனைவி, விருந்தாளிக்கு வைத்திருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது.

"மழை வந்தா நாம எங்கே படுக்கறது?" என்று கேட்டாள்.

அவர் வண்டிக் கூரையை நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"சொல்லாதீங்க," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அவள் முன்பக்கக் கதவைத் திறந்து, அவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவர் அசந்துபோய் மறுபக்கம் ஏறினார். வண்டியின் முன் கண்ணாடி முழுக்க ஏரி தெரிந்தது. ஒரு கொக்கு நீர்மேல் தாழப் பறந்து அக்கரைக்குப் போனது.

"உங்க பஸ்ல எத்தனை தடவை ஏறியிருக்கேன்," என்றாள். "ஒரு நாளும் பக்கத்துல உக்காந்ததில்லை."

"பஸ்ல டிரைவர் பக்கத்துல சீட்டே கிடையாதே."

"அதைத்தான் சொல்றேன்."

அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டார். "இந்த ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"தெரியாது. நீங்கதானே டிரைவர்."

"என் ரூட்ல வராது."

அவள் சிரித்தாள். வெயில் தணிந்து தண்ணீர் பழுத்த மஞ்சளாகியது. அவள் தலை சீட்டில் சாய்ந்தது. கண் லேசாக மூடியது. இந்தத் தம்பதி மட்டும் எழுந்து, வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று டிரைவர் நினைத்தார். நினைத்ததும் பயந்தார். வாக்கு வாக்குதான். இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியவர்கள் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்கள்?

பின்னால் மெத்தை கிறீச்சிட்டது. மனைவி நிமிர்ந்தாள். கண்ணாடிக்காரர் எழுந்து உட்கார்ந்து, வெளியே ஏரியைக் கண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். ஏரி அங்கேயேதான் இருந்தது.

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"நல்லாத் தூங்கினீங்களா? படுக்கை பிடிச்சிருக்கில்ல. அப்ப... வண்டியை என்னைக்கு எடுத்துக்கறீங்க?"

கணவரும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் கலைந்த கூந்தலை முடிந்துகொண்டு, இன்னொரு செருப்பைத் தேடியபடி, கூச்சத்தோடு சொன்னாள்:

"தப்பா நினைக்காதீங்க, நாங்க உங்க பின் வீட்டுக்குப் புதுசா குடிவந்தவங்க, நீங்க இந்த வண்டியைத் தட்டுற தட்டுல வந்த நாள்லேருந்து கண்ணே மூட முடியலைன்னு உங்களோட சண்டை போடத்தான் வந்தோம்."